கேள்வி பதில்: மலையாட்டுக்கு மூன்று பஸ் தூரம்

கேள்வி: நவம்பர் கடைசியில் கனடாவில் கல்கரியில் இருக்கும் மகனிடம் போகிறோம். பிக்ஹார்ன் காட்டு ஆடுகளை எங்கே பார்க்கலாம்? கிட்டே போகலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நல்ல சமயம். கிடாக்கள் பெட்டைகளைத் தேடி இறங்கி, தலையோடு தலை மோதும் பருவம் அது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் தனிக்கூட்டமாகவே திரியும். கல்கரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர் பான்ஃப். அங்கே மின்னவாங்கா ஏரிச் சாலையில் தேடுங்கள். ஜாஸ்பர் வரை போனால், ஊருக்குக் கிழக்கே 16ஆம் நெடுஞ்சாலையோரப் பாறைகள்.

பழுப்பு உடம்பு பாறையோடு கலந்துவிடும். பின்புறத்து வெள்ளைத் திட்டைத் தேடுங்கள், அதுதான் முதலில் கண்ணில் படும். சுருண்ட கொம்பு கிடாவுக்கு. பெட்டைக்குச் சிறிய, லேசாக வளைந்த கொம்பு. 8x42 பைனாகுலர் போதும்.

கிட்டே போகக்கூடாது. குறைந்தது 30 மீட்டர், அதாவது மூன்று பஸ் நீளம். மேய்வதை நிறுத்தி உங்களையே பார்த்தால் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். சாலை உப்பை நக்க அவையே காரருகே வரும். அப்போது இறங்காதீர்கள், கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள். வளைவில் நிறுத்தாமல், ஒதுக்கிடம் பார்த்து நிறுத்துங்கள். தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம். பழகிய ஆடு சாலையிலேயே நின்று வண்டியில் அடிபடும். நம் பினாங்கு தாவரவியல் பூங்காக் குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பிடுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.