இரவில் பிள்ளைகளின் போனுக்கு மட்டும் வைஃபையை நிறுத்துவது எப்படி?

ரூட்டரில் உள்ள ‘பேரன்டல் கன்ட்ரோல்’, குறித்த போனுக்குக் குறித்த நேரத்தில் மட்டும் இணையத்தை மறிக்கும் வசதி. மேக் முகவரி என்ற எண்ணை வைத்துத்தான் ரூட்டர் ஒவ்வொரு போனையும் அடையாளம் காண்கிறது. பிரவுசரில் 192.168.1.1 (சிலவற்றில் 192.168.0.1) திறந்து, பிள்ளையின் போனைத் தேர்ந்து, இரவு 9.30 முதல் காலை 6 வரை தடை போடுங்கள். ரூட்டர் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கிரீன்விச் நேரத்தில் ஓடினால் அந்தத் தடை விடிகாலை 3 மணிக்குத்தான் விழும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். புதிய போன்கள் மாற்று மேக் முகவரி காட்டும்; அப்போது ரூட்டருக்கு அந்தப் போன் அடையாளம் தெரியாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியைப் போனில் அணைத்துவிடுங்கள்.

வைஃபை நின்றால் இணையமே நின்றது என்று நினைக்க வேண்டாம்: காரைக்குடி வீட்டில் முகப்பைப் பூட்டினாலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்குமே, மொபைல் டேட்டா அந்த வாசல், அதற்குப் போனிலேயே ஃபேமிலி லிங்க் (ஆண்ட்ராய்டு) அல்லது ஸ்கிரீன் டைம் (ஐபோன்) பூட்டு வேண்டும்.