மகன் கொண்டு வந்த பாட்டிலும் டாக்டர் எழுதிய மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 56. நங்கநல்லூரில் இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன மாதம் எடுத்த டெஸ்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 230, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 148, ஹெச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 44, டிரைகிளிசரைடு 190. டாக்டர் ரோசுவாஸ்டாடின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது, கல்லீரல் கெடும், கை கால் வலி வரும் என்று கூட வாக்கிங் வருகிறவர்கள் பயமுறுத்துகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ‘ரெட் ஈஸ்ட் ரைஸ்’ இரண்டு பாட்டில், பூண்டு மாத்திரை ஒரு பாட்டில் கொண்டு வந்தான். எல்லாம் இயற்கை, பக்க விளைவு கிடையாது என்கிறான். காலையில் தேனில் ஊறிய பூண்டும் சாப்பிடுகிறேன். மூன்று மாதம் இவற்றை முயன்று பார்த்துவிட்டு, குறையாவிட்டால் மாத்திரைக்குப் போகலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த ரெட் ஈஸ்ட் ரைஸ் பாட்டிலை எடுத்து வையுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

பெயரைப் பார்த்து மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஏதோ சிவப்பரிசி என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண வெள்ளை அரிசியில் ஒரு வகைப் பூஞ்சையை வளரவிட்டு, அது சிவப்பாகிப் புளித்த பிறகு காய வைத்துப் பொடித்தது. சீனாவில் உணவுக்கு நிறம் சேர்க்கவும் மருந்தாகவும் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பொடியில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளின் பெயர் மோனகோலின் கே. அதை 1979இல் பிரித்தெடுத்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி. இவர்தான் அதற்கு முன்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை, நுண்ணுயிர்களைச் சலித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடையிலிருந்து வந்த பச்சைப் பூஞ்சையில் உலகின் முதல் ஸ்டாடினைக் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துக் குடும்பத்தின் பெயர் இது) கண்டுபிடித்தவர். மோனகோலின் கேயும், 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாடினும் வேதியியல்படி ஒரே பொருள். உங்கள் டாக்டர் எழுதிய ரோசுவாஸ்டாடின் அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த பிள்ளை.

ஆக, ஸ்டாடின் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மகன் கொடுத்த பாட்டிலைத் திறந்தால், அதற்குள்ளும் ஸ்டாடின்தான் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 28 பிராண்டுகளைப் பரிசோதித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டில் மோனகோலின் அறவே இல்லை. மற்றவற்றில் குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த ஊர்ச் சட்டம் இன்னும் வேடிக்கை. மோனகோலின் குறிப்பிடத்தக்க அளவு இருந்தால் அது அனுமதி பெறாத மருந்து, சப்ளிமென்டாக விற்கக் கூடாது. உங்கள் பாட்டில் சட்டப்படி விற்கப்பட்டது என்றால் அதில் சரக்கு இல்லை; சரக்கு இருந்தால் சட்டப்படி விற்கப்பட்டது இல்லை. ஐரோப்பாவிலும் 2022இல் ஒரு நாளுக்கு 3 மி.கி.க்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். லோவாஸ்டாடின் மாத்திரையை வழக்கமாக 20 மி.கி.யில் தொடங்குவோம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு கவலை சிறுநீரகம். இந்தப் பூஞ்சைகள் வளரும்போது சிட்ரினின் என்ற நச்சும் சேர்ந்துவிடலாம். அது சிறுநீரகத்துக்கு ஆகாது. 2024இல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி சப்ளிமென்ட் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானவர்கள் சிறுநீரகக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அங்கே குற்றவாளி சிட்ரினின் இல்லை, தயாரிப்பில் நுழைந்த வேறொரு பூஞ்சையின் நச்சு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். எந்த நச்சாக இருந்தால் என்ன? ஆறு வருடம் சர்க்கரையோடு இருப்பவருக்குச் சிறுநீரகத்தை வைத்துச் சோதனை பார்க்கும் வசதி இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாம்பலத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மாடி ஏறினால் தொடை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. நான் கொடுத்த அடார்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டே வந்திருந்தார். “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்றேன். “ஒன்றுமே இல்லை, எல்லாம் மூலிகைதான்” என்று ஒரு ஜவுளிக்கடைப் பையை மேஜை மேல் கவிழ்த்தார். ஐந்து டப்பா. ஆன்லைனில் வாங்கிய ‘இதய நலன்’ காப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் படித்தால், பொடி எழுத்தில் ரெட் ஈஸ்ட் ரைஸ். என் மாத்திரையும் அதுவும் சேர்ந்து இரட்டை டோஸ் போயிருக்கிறது. தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. டெஸ்ட் ஏறியிருந்தது. இரண்டையும் நிறுத்தினோம், வலி போனது. அப்புறம் மாத்திரையை மட்டும் திரும்பத் தொடங்கினோம், வலி வரவில்லை. அதே டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நம் நாட்டில் இந்த வகை சப்ளிமென்டுகள் உணவுப் பொருளாகத்தான் உரிமம் பெறுகின்றன, அதனால் அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும். முன்பக்கத்தில் இதயப் படம் பெரிதாக, பின்பக்கத்தில் இந்த வரி கடுகு மாதிரி.

சரி, பூண்டுக்கு வருவோம். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 190 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாடின் வெறும் 5 மி.கி., மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், ரெட் ஈஸ்ட் ரைஸ் ஆகியவற்றில் ஒன்று, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று 28 நாள் கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாடின் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 38 சதவீதம் குறைத்தது. சப்ளிமென்ட் எதுவும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. பூண்டு மாத்திரைப் பிரிவில் எல்.டி.எல். கொஞ்சம் கூடியே இருந்தது!

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாடினை விற்கும் கம்பெனி. அதனால் உங்கள் மகன் சந்தேகப்பட்டால் அவர் பக்கம் நியாயம் உண்டு. 28 நாள் என்பதும் குறைவுதான். ஆனால் 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆறு மாதம் நடத்திய ஆய்வு பூண்டுக்கென்றே நடந்தது. பச்சைப் பூண்டைச் சாண்ட்விச்சில் வைத்தும் கொடுத்தார்கள், மாத்திரையாகவும் கொடுத்தார்கள். 192 பேரில் எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். அசையவில்லை. ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுங்கள், பூண்டுக் குழம்பு வையுங்கள், ருசிக்காகச் சாப்பிடுங்கள். தேன் மட்டும் வேண்டாம், உங்களுக்கு அது சர்க்கரைக் கணக்கில் போகும்.

பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் குக்குலு பற்றியும் யாராவது சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கொழுப்பைக் குறைக்கும் என்று இந்தியாவில் பெயர் வாங்கிய பிசின் அது. 2003இல் அமெரிக்காவில் முறையாகச் சோதித்தபோது எல்.டி.எல். குறைவதற்குப் பதிலாகச் சற்று ஏறியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. மஞ்சளைச் சமையலில் போடுவது வேறு, மிளகுச் சத்து சேர்த்து வீரியம் கூட்டிய மஞ்சள் காப்ஸ்யூல் வேறு. அந்தக் காப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பல அறிக்கைகள் வந்திருக்கின்றன. கல்லீரலுக்குப் பயந்து ஸ்டாடினை விட்டவர்கள் இதைக் கேட்டு வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரிவதில்லை.

உங்கள் கணக்கு இதுதான். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சர்க்கரை உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே இருக்க வேண்டும். 148ஐ 70க்குக் கொண்டு வர பாதிக்கு மேல் குறைய வேண்டும். சாப்பாட்டால் மட்டும் அந்த இடத்துக்குப் போக முடியாது, ஏனென்றால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உங்கள் கல்லீரலே தயாரிக்கிறது. ரோசுவாஸ்டாடின் 10 மி.கி. சுமாராக 45 சதவீதம் குறைக்கும். 80 சொச்சத்துக்கு வந்துவிடுவீர்கள்.

மிச்சத்துக்குத்தான் நீங்கள் விரும்பும் ‘இயற்கை’ உதவும். மலச்சிக்கலுக்கு வாங்குகிற இசப்கோல் உமி இருக்கிறதே, அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு நாளுக்குச் சுமார் 10 கிராம், அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு, இரண்டு வேளையாகப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். எல்.டி.எல். 5 முதல் 7 சதவீதம் குறையும். இது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஸ்டாடின் டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பதும் 6 சதவீதம்தான். மாத்திரையோடு இசப்கோல் சேர்ந்தால், டோஸை ஏற்றாமலேயே ஏற்றிய பலன். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடலாம், பிடிக்காவிட்டால் கட்டாயம் இல்லை. தேங்காய் எண்ணெயையும் பாமாயிலையும் தினசரி சமையலிலிருந்து எடுத்துவிட்டு நல்லெண்ணெய், கடலை எண்ணெய்க்கு மாறுங்கள். பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது.

வாக்கிங் தோழிகளின் பயங்களையும் பார்த்துவிடலாம். ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும் என்பது பெரும்பாலும் உண்மைதான், அதில் அடிமைத்தனம் ஒன்றும் இல்லை. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை நிறுத்தாது; மாத்திரையை விட்டால் சில வாரங்களில் பழைய எண் திரும்பும், அவ்வளவுதான். கல்லீரல் கடுமையாகக் கெடுவது மிக மிக அபூர்வம். தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். சர்க்கரை சிறிதளவு கூடலாம், மறைக்கவில்லை. ஆனால் எல்.டி.எல். 40 அளவு குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன, உங்கள் எல்.டி.எல். அதைவிட அதிகமாகவே இறங்கும். கை கால் வலி விஷயத்தில் லண்டனில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்களுக்கே மாதம் மாற்றி மாதம் நிஜ மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் வந்தது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை, காரணம் பெரும்பாலும் மாத்திரை இல்லை. உங்கள் வயதில் முழங்காலே போதுமே. இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தாலோ, சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

ஒரே ஒரு டெஸ்ட் விட்டுப்போயிருக்கிறது. தைராய்டு, அதாவது டி.எஸ்.ஹெச். உங்கள் வயதுப் பெண்களுக்குத் தைராய்டு மந்தமாக இருந்தால் அதனாலேயே எல்.டி.எல். ஏறும், ஸ்டாடினால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடும். மாத்திரையைத் தொடங்கும் முன் அதைப் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

ஆக, மூன்று மாதம் பொறுக்க வேண்டாம். ரோசுவாஸ்டாடினைத் தொடங்குங்கள், காலையோ இரவோ, மறக்காத நேரம் எதுவோ அது. அந்த மூன்று பாட்டிலையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாமல் குப்பையில் போடுங்கள். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், வருத்தப்பட்டால் என்மேல் படட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதே லேபில் மறுபடி லிப்பிட் டெஸ்ட் எடுங்கள். அதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, காபி குடித்துவிட்டே போகலாம். சர்க்கரைக்கும் ஃபாஸ்டிங் ரத்தம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் காபியைத் தள்ளிப் போடுங்கள்.