சிறிய எஞ்சினுக்கு டைனமோமீட்டர் வடிவமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டைனமோமீட்டர் என்பது ஓடும் எஞ்சினுக்குப் பிரேக் போட்டு அதன் முறுக்குவிசையை (சுழற்றும் விசையை) அளக்கும் கருவி. சுவரில் சிக்கிய டிரில் மெஷின் மணிக்கட்டைத் திருகுமே, அதேபோல் எஞ்சினும் பிரேக்கின் உடலைச் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அந்த உடலைப் பேரிங்கில் தாங்கி, 25 செ.மீ. கை ஒன்றால் லோடு செல்லில் (விசையை அளக்கும் சென்சாரில்) தடுத்து நிறுத்துகிறோம். 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அங்கே 40 நியூட்டனாக, அதாவது சுமார் 4 கிலோ எடையாகத் தெரியும். இதற்குப் போய் 200 கிலோ வரை அளக்கும் லோடு செல் மாட்டினால் துல்லியம் போய்விடும்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் சீராகத் தள்ளாது, உதைத்து உதைத்துத்தான் சுழற்றும். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங் (உதையைத் தாங்கும் ரப்பர் இணைப்பு) இல்லாவிட்டால் அளவீடு துள்ளும், ஷாஃப்டே முறியலாம். ஒத்ததிர்வு, அதாவது உதைகளோடு சேர்ந்து அதிர்வு பெருகும் வேகம், ஐடில் வேகத்துக்குக் கீழே விழும்படி ரப்பரைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் தரும் திறன் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகும். குளிர்விக்க வழி வேண்டும்.

பலர் நினைப்பதுபோல் இது குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை: நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் வரும்.