பதில்: அல்சூர் சோமேஸ்வரர் கோவில் படங்கள் சாய்ந்து நிற்பது பற்றி

வணக்கம். படங்களைச் சுருக்குவது பற்றியும், கூகுளில் கிடைத்த ஒரு பழைய படத்தைப் போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலில் சாய்வைப் பார்ப்போம். பெங்களூரு அல்சூர் கோவிலில் போனில் எடுத்த படங்களிலிருந்து லொகேஷனை (எடுத்த இடத்தின் விவரத்தை) நீக்கிய பிறகுதான் படங்கள் பக்கவாட்டில் சாய்ந்தன என்கிறீர்கள். காரணம் அதுவேதான். போன் பெரும்பாலும் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. 'இப்படித் திருப்பிக் காட்டு' என்று எக்சிஃப்பில் (படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரப் பகுதி, லொகேஷனும் இதில்தான் இருக்கும்) குறிப்பு மட்டும் வைக்கிறது. எக்சிஃப்பை மொத்தமாக அழித்தால் அந்தக் குறிப்பும் போய்விடும்.

ஒரிஜினலை கிம்ப்பில் (படம் திருத்தும் இலவச மென்பொருள்) திறங்கள். 'ரொட்டேட்' செய்யவா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். பிறகு படத்தின் அளவை மாற்றும் ஸ்கேல் இமேஜில் அகலம் 1200 பிக்சல். எக்ஸ்போர்ட்டில் ஜேபெக் தரம் 80. எக்சிஃப் டிக்கை எடுத்துவிடுங்கள். கலர் ப்ரொஃபைல் (நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) டிக்கை மட்டும் தொடாதீர்கள், அதை எடுத்தால் ஐபோன் படம் வெளிறிப்போகும். 5 எம்பி படம் சில நூறு கேபிக்கு இறங்கிவிடும். கோபுரச் சிற்பம் நெருக்கமாக உள்ள படம் அவ்வளவு சுருங்காது. அதற்காகத் தரத்தை 50க்கு இறக்கினால் சிற்பங்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அகலத்தை 1000 ஆக்குங்கள், போதும்.

சுருக்கிய ஜேபெக்கையே மறுபடி திறந்து சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் தரம் தேயும்.

கூகுளில் கிடைத்த அந்தப் பழைய படம் வேண்டாம், உரிமை யாருடையது என்றே தெரியவில்லை. உரிமத்தோடு படங்கள் இலவசமாகக் கிடைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடுங்கள். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்துக்குக் கீழேயே போடுங்கள்.