கேதார்கண்டாவுக்கு என்ன உடுத்துவது? – கேள்வி பதில்

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கண்டா மலைக்குக் கிளம்புகிறவர்களுக்காக. உச்சி ஏறக்குறைய 12,500 அடி. இரவில் முகாமில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போவதுண்டு. ஜாக்கெட், பேன்ட் பற்றி மட்டும் கேளுங்கள்.

தடித்த ஜாக்கெட் ஒன்று இருந்தால் போதாதா அண்ணா?

போதாது. ஏறும்போது உடம்பு கொதிக்கும். மூச்சு வாங்க நின்றால் ஐந்தே நிமிடத்தில் பல் கிட்டும். இரண்டுக்கும் ஒரே உடை ஒத்துவராது. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல். அதன்மேல் ஃப்ளீஸ், அதாவது கம்பளிபோல் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை. காற்றடித்தாலோ பனி பெய்தாலோ மேலே நீர்புகா மழை ஜாக்கெட். நிற்கும் இடத்துக்கும் முகாமுக்கும் இறகு ஜாக்கெட். மழை ஜாக்கெட்டில் அக்குள் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். வியர்வை ஆவி வெளியேற அதைவிட நல்ல வழி இல்லை. இறகு ஜாக்கெட்டின் மேலும் அணியும்படி ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும். கதகதப்பாகக் கிளம்புகிறவர் அரை மணியில் நனைந்துவிடுவார்.

இறகு ஜாக்கெட்டில் 600, 800 என்று போட்டிருக்கிறதே?

ஓர் அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பும் என்ற கணக்கு. எண் கூடினால் அதே கதகதப்பு குறைந்த எடையில் கிடைக்கும். ஆனால் உள்ளே எவ்வளவு இறகு அடைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கஞ்சத்தனமாக அடைத்த 800-ஐவிடத் தாராளமாக அடைத்த 600 மேல். நனைந்தால் இரண்டுமே ஈரக் கோழிதான்.

திருப்பூரிலிருந்து கேட்கிறேன். வியர்வையை உறிஞ்சுவது பருத்திதானே? எங்கள் ஊர் பனியனை ஏன் எல்லோரும் விரட்டுகிறீர்கள்?

உறிஞ்சும், ஐயா, உறிஞ்சியதை எளிதில் விடாது என்பதுதான் சங்கடம். சித்திரை வெயிலில் அது வரம். பனியில் அதே ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். என் முதல் பயணத்தில் வியர்த்த பனியனைக் கூடாரக் கயிற்றில் காயப்போட்டேன். காலையில் அப்பளம்போல் விறைத்து நின்றது; மடித்தால் முறிந்துவிடுமோ என்று பயந்தேன்.

மீண்டும் திருப்பூர். மலைவாசிகள் தெர்மலா போடுகிறார்கள்?

அவர்கள் உடுத்துவது ஆட்டுக் கம்பளி. ஈரமானாலும் கம்பளி ஓரளவு சூடு காக்கும். பருத்திக்கு அவர்களைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

எங்கள் யூனிட்டில் பாலியஸ்டரும் பின்னுகிறோம். அது நாற்றமடிக்கிறதே?

அதை ஒப்புக்கொள்கிறேன். நாற்றத்தில் மெரினோவுக்குத்தான் வெற்றி, விலையில் உங்களுக்கு.

ஜீன்ஸ் போடலாமா?

ஜீன்ஸும் பருத்திதான். மேலே பனியனுக்குச் சொன்னதே இதற்கும்.

பேன்ட் எத்தனை அடுக்கு?

நடக்கும்போது கால்கள் தாமே சூடாகிவிடும். சீக்கிரம் காயும் மலையேற்ற பேன்ட் ஒன்று. உச்சிக்குப் புறப்படும் விடியற்காலையில் மட்டும் உள்ளே தெர்மல். மேலே அணியும் நீர்புகா பேன்ட்டுக்குப் பக்கவாட்டில் முழு நீள ஜிப் வேண்டும். பூட்ஸைக் கழற்றிப் பனியில் ஒற்றைக் காலில் ஆடிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

ஸ்வெட்டர் எத்தனை கொண்டுவரலாம்?

முதல் பதில்.

அடர்த்தியான ஜீன்ஸ் என்றால்?

அடர்த்தியான ஈரம்.

டிசம்பரில் கொடைக்கானலுக்கு?

ஒரு ஃப்ளீஸ் போதும்.

உயரத்தில் தலைவலி வந்தால் என்ன மாத்திரை?

மருத்துவரைக் கேளுங்கள், நான் துணிக்காரன்.

மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி ஊரில் உடைகள் வாடகைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரே ஒரு பயணத்துக்காக இறகு ஜாக்கெட் வாங்காதீர்கள். கடையிலேயே கையுறையோடு ஜிப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தெர்மலை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

திருப்பூர்தான். தூங்கும்போதாவது பனியன் போடலாமா?

காய்ந்ததாக இருந்தால் போடுங்கள், ஐயா. கயிற்றில் மட்டும் தொங்கவிடாதீர்கள்.