கொலம்பியாவில் இவ்வளவு நிலக்கரி இருந்தும் மின்சாரத்துக்கு ஏன் அதிகம் எரிப்பதில்லை?

காரணம் ஆண்டிஸ் மலையும் மழையும்தான். கொலம்பியாவின் மின்சாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அணைகளிலிருந்தே வந்துவிடுகிறது. நிலக்கரி இருப்பு சுமார் 450 கோடி டன். ஆனால் தோண்டுவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான். வடக்கே லா குவாஹிரா மாநிலத்தின் செர்ரெஹோன் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து 150 கி.மீ. தனி ரயில்பாதை நேராகத் துறைமுகத்துக்கே போகிறது, பாருங்கள்!

சரி, அப்புறம் பைப்பா போன்ற அனல்மின் நிலையங்கள் எதற்கு? பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் அங்கே மழை பொய்க்கும், அணை வற்றும். 1992-ல் அப்படித்தான் நாடே மாதக்கணக்கில் மின்வெட்டில் தவித்தது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ள, அதிபர் செசார் கவிரியாவின் அரசு கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது! அந்த அடிக்குப் பிறகு நிலக்கரி, எரிவாயு நிலையங்களை வறட்சிக்கான காப்பாக வைத்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அவற்றுக்கு வேலை குறைவு.