புது ஏர் இன்டேக் மாட்டினேன், மஞ்சள் விளக்கு அணைய மறுக்கிறது!

கேள்வி: கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். பி.எஸ்.6 வண்டி, நானே ஓட்டுகிறேன். மலை ஏறும்போது இழுவை கூடும், மைலேஜும் கூடும் என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையத்தில் ஓர் ஏர் இன்டேக் கிட் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாயும் ஃபில்டரும்) வாங்கி மாட்டினேன். அதன்பிறகு பர்லியாறு தாண்டி ஏறும்போது செக் என்ஜின் விளக்கு எரிகிறது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் அணைகிறது. இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. இழுவையும் முன்பைவிடக் குறைந்துவிட்டது. விற்றவரோ, "கிட்டில் குறையில்லை, காற்றை அளக்கும் சென்சாரை மாற்றுங்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: சென்சாருக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி வயரில் கை வைப்பதையும் நிறுத்துங்கள். வயரைக் கழற்றினால் விளக்கோடு சேர்ந்து, கோளாறு எந்த வேகத்தில், எவ்வளவு சுமையில் வந்தது என்று என்ஜின் கணினி எழுதி வைத்த குறிப்பும் அழிந்துவிடும். பழுது மட்டும் அப்படியே இருக்கும். இதுபோன்ற பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் கணினி விளக்கை எரிய விடும். அது இரண்டு நாள் கழித்துத் திரும்ப வருவதன் ரகசியம் அவ்வளவுதான்.

முதலில் ஒரு மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டு, கணினி பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டு எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் இதற்குப் போதும். பி 0102, பி 0113 இரண்டும் சேர்ந்து வந்தால் அநேகமாக ஏர் ஃப்ளோ சென்சாரின், அதாவது காற்றை அளக்கும் சென்சாரின், பிளக் சரியாக உட்காரவில்லை. பி 0101 என்றால் சென்சார் சொல்லும் காற்றளவைக் கணினி நம்பவில்லை. பி 0401 என்றால் இ.ஜி.ஆர் (புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) வழியாகப் புகை போதிய அளவு திரும்பவில்லை. பி 0299 என்றால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை. எங்கோ ஹோஸ் கழன்றிருக்கலாம், அல்லது மெல்லிய ரப்பர் ஹோஸ் உறிஞ்சும் வேகத்தில் உள்நோக்கி ஒடுங்கியிருக்கலாம்.

உங்கள் அறிகுறியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் குழாயின் விட்டத்தின் மேல்தான். ஏர் ஃப்ளோ சென்சாரில் சூடேற்றிய மெல்லிய தகடோ கம்பியோ இருக்கும். கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துக் கணினி காற்றை எடை போடுகிறது. இந்தக் கணக்கு கம்பெனி வைத்த குழாயின் விட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். புதுக் குழாய் சற்று அகலமாக இருந்தால் அதே காற்று மெதுவாகப் போகும். சென்சார் குறைத்துச் சொல்லும். டீசல் வண்டியில் காற்று குறைவு என்று தெரிந்தால் கரும்புகை வராமலிருக்க டீசலைக் கணினி குறைத்துவிடும். இ.ஜி.ஆர் வால்வையும் மூடப் பார்க்கும். நல்ல காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தும் ஏற்றத்தில் வண்டி திணறுவது இப்படித்தான். சென்சாருக்கு முன்பாகவே குழாய் சட்டென்று வளைந்தாலும், பழைய ஃபில்டர் பெட்டியிலிருந்த வலைத்தடுப்பு புதியதில் இல்லாமல் போனாலும் காற்று சுழன்று கணக்கு தவறும். சென்சாரின் மேலுள்ள அம்புக்குறி என்ஜினை நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக மாட்டுபவர்கள் உண்டு.

கிளாம்ப் தளர்ந்திருந்தால் சென்சாரைத் தாண்டிய இடத்தில் அளக்கப்படாத காற்று நுழையும். அதோடு எஸ்டேட் சாலைத் தூசியும் வடிகட்டப்படாமல் டர்போவின் இறக்கைகளுக்குப் போய்ச் சேரும். விளக்கைவிட இதுதான் அதிகச் செலவு வைக்கும். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் ஹோஸைப் புதுக் குழாயில் சேர்க்க மறந்துவிட்டாலும் இதே கதைதான்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் என்றால் இன்னொரு வில்லங்கம். எண்ணெய் அதிகமாக இருந்தால் அது பறந்து வந்து சென்சாரில் படியும். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, நன்றாக உலர விட்டு மாட்டுங்கள். கார்பரேட்டர் கிளீனரும் வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்தும் அணையவில்லையா? கழற்றிய பழைய ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டி, கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு, சுமையோடு சில நடை போய் வாருங்கள். விளக்கு வரவில்லை என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, கிட்தான் காரணம். விற்றவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பழைய பெட்டியைக் காயலான் கடையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். உதகை உயரத்தில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ அதை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஃபில்டரை மாற்றி ஈடுகட்ட முடியாது. மேலும், பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டர், கல்லாறுக்கு மேல் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போது என்ஜின் சூட்டையே உறிஞ்சும். சூடான காற்று இன்னும் லேசானது. கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றை எடுக்கும்படி அமைந்திருப்பது காரணமில்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் சாலையில் தண்ணீர் ஓடும்போதும் அந்த அமைப்புதான் என்ஜினைக் காக்கிறது. உங்கள் வேலைக்கு நல்ல கம்பெனி ஃபில்டரைத் தூசிக்காலத்தில் சற்று முன்னதாகவே மாற்றினால் போதும் என்பது என் கருத்து.

இனிப் பணம். "உங்கள் மாடலுக்கு அப்படியே பொருந்தும்" என்று விளம்பரத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள்; திருத்திவிடுவார்கள். பில், ஸ்கேன் தாள், பழைய பெட்டி மாட்டியபின் எடுத்த ஸ்கேன் தாள் ஆகியவற்றோடு இணையத்தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருளிலேயே குறை இருந்தால், அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், "பயன்படுத்திவிட்டீர்கள்" என்ற ஒற்றை வரியால் கைகழுவ முடியாது. மாட்டிப் பார்க்காமல் அது எப்படித் தெரியும்?

நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாடகை வண்டிக்காரர் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.

வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தால், வாரன்டிப் புத்தகத்தில் வெளியில் வாங்கி மாட்டும் பாகங்கள் பற்றிய பத்தியை இன்றே படியுங்கள். டர்போ கெட்டபிறகு படிப்பதில் பயனில்லை.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். என் பெட்ரோல் ஜீப்பில் இதே மாதிரி கிட் மாட்டியதும் பி 0171 வருகிறது. இதுவும் அதே காரணமா?

பதில்: ஆம், பெரும்பாலும். பெட்ரோல் வண்டியில் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் அளக்கப்படுவதால், காற்றைக் குறைத்துச் சொன்னாலோ, அளக்காத காற்று நுழைந்தாலோ கலவையில் பெட்ரோல் போதாமல் போகும்; அந்த எண் சொல்வது அதைத்தான். முதலில் கிளாம்ப், பிரீதர் ஹோஸ் இரண்டையும் பாருங்கள். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அப்போது பெரியகுளம் வரை இறங்கிப் பார்க்கலாம் என்று எண்ணாமல், ஊரிலேயே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கை வரவழையுங்கள்.